உள்ளே விட்ட துணி

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அவருக்கு இருமல் ஒருவழியாக விட்டது. எனக்கு இடுப்பு வலி, அது என்னோடுதான் வரும் போலிருக்கிறது. உன் கால் வீக்கம் வடிந்ததா? பாப்பா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறார் என்று நீ ‘உம்’ கொட்டுவாய், நான் அழுது வைப்பேன். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

குழந்தைகள் வார்டிலிருந்து என்னை எடைக் குறைப்பு ஆபரேஷன் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கென்று ஒரு சின்ன அறை. ஓர் எடை மெஷின், சுவரில் தலைமட்டத்துக்கு இறக்குகிற உயரக் கோல், ஒரு நாற்காலி. வருகிறவர்களை நிறுத்தி எடையும் உயரமும் எடுத்து, பி.எம்.ஐ. போட்டு, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிலோவை மீட்டரால் வகுத்து, வந்ததை மறுபடியும் அதே மீட்டரால் வகுப்பது. முப்பத்தைந்துக்கு மேல் வந்து, கூடவே சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால் எங்கள் டாக்டர் ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்வார். கீழே வந்தால் சாப்பாட்டு முறை சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அதில் அவர் கறார். உயரத்தில் பிசகினால் எண் இரண்டு தடவை பிசகும் என்று எனக்குச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், குதிகால் சுவரில் ஒட்ட வேண்டும், கொண்டை போட்டிருந்தால் அவிழ்க்க வேண்டும். கொண்டையை அவிழ்க்கச் சொல்வதுதான் எனக்குச் சங்கடமான வேலை.

நேற்றுப் பெயர் பதிய ஓர் அம்மா வந்தாள். உன் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். எனக்குப் பெயரைப் பார்க்கத் தேவையே இல்லை, தலையைப் பார்த்தேன். அதே உச்சிக் கொண்டை. நீ வேலை பார்த்த துணிக்கடையின் மேலாளர். உன்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்த அன்று பார்த்தது, மறக்குமா? நீங்களெல்லாம் வைத்த பெயர்தான் எனக்கு வாயில் வந்தது, கொண்டையம்மா. சர்க்கரையாம், முட்டி தேய்ந்துவிட்டதாம். மூச்சு வாங்குகிறது. என் கண்ணுக்கு எண்பது கிலோ. முப்பத்தைந்து என்கிற கோட்டை ஒட்டித்தான் வருவாள். இருபதாம் தேதி அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. உன்னிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. படித்ததும் கிழித்துப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 14

அக்காவுக்கு,

நலம் விசாரித்திருந்தாய். கால் வீக்கம் அப்படியேதான். பாப்பா நன்றாக இருக்கிறாள். அவருக்கும் ஒரு குறையும் இல்லை. கடிதத்தைக் கிழிக்கவில்லை. தையல் மெஷின் இழுப்பறையில் ஊசி டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டதா? நல்லது. மூச்சு வாங்குகிறதா? நன்றாக வாங்கட்டும்.

உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கடை திறப்பதற்கு முன்னால், எடை மெஷினை நடு ஹாலுக்குத் தூக்கி வரச் சொல்வாள். கவுண்டர் பெண்கள் வரிசையாக நிற்க வேண்டும். ஏறி, எண்ணை நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால், “காது கேக்கல, சத்தமா சொல்லு” என்பாள். பாப்பா பிறந்து மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். அந்த முதல் தேதி என்னை மூன்று தடவை சொல்ல வைத்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “இவ நின்னா பின்னாடி அடுக்கியிருக்கிற துணியே தெரியாது. கீழே அனுப்புங்க.” எல்லோரும் சிரித்தார்கள். தினமும் என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவளும் சிரித்தாள்.

கீழே என்றால் பேக்கிங் அறை. ஜன்னல் கிடையாது. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு தெறிக்கும், நான் அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். நீ வந்து கூட்டிப்போன பிறகு இந்த எட்டு வருஷத்தில் நான் கடைத்தெருவில் கால் வைத்ததில்லை. நூல், பட்டன்கூட அவர்தான் வாங்கி வருகிறார். வீட்டில் இருந்த பெரிய கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். நீ வந்தபோது ரசம் போய்விட்டது என்று சொன்னேனே, அது பொய்.

தையல் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் உயரம் எனக்குத் தெரியும், நூற்றைம்பது. அந்தக் கொண்டை ஒரு நாலு சென்டிமீட்டர் நிற்கும். எண்பது கிலோவுக்கு, கொண்டையில்லாமல் அளந்தால் முப்பத்தைந்தரை. கொண்டையோடு அளந்தால் முப்பத்து மூன்றே முக்கால். புரிகிறதா அக்கா? நீ எதையும் மாற்றி எழுத வேண்டாம். கோல் எங்கே இடிக்கிறதோ அதை எழுது. அவிழ்க்கச் சொல்லாதே, அவ்வளவுதான். யாராவது கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்.

எனக்கு இதுவரை உன்னிடம் எதுவும் கேட்கத் தோன்றியதில்லை. இதைக் கேட்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.
தங்கச்சி


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இடுப்பு வலியைத் தவிர வேறு விசேஷம் இல்லை.

நீ சொன்னபடியே ஆயிற்று. எடை எண்பது. உயரம் நூற்று ஐம்பத்து நாலு. முப்பத்து மூன்று புள்ளி ஏழு. டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் கிடையாது என்று அனுப்பிவிட்டார். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

என் சீருடைச் சட்டை இடுப்பில் பிடிக்கிறது. ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். பிரித்துக் கொஞ்சம் விட்டுக் கொடு. அவசரமில்லை.

அக்கா


பிப்ரவரி 5

என் தங்க அக்காவுக்கு,

நீ நூறு வருஷம் இடுப்பு வலி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் நலம். நலம் என்று இந்தத் தடவை சும்மா எழுதவில்லை.

கடிதம் வந்த அன்று மத்தியானம் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, படுத்தால் சாயங்காலம் வரை தூக்கம். பாப்பா பயந்துபோய் என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். மறுநாள் உச்சி வெயிலில் கடைத்தெருவுக்குப் போனேன். தனியாக, நானேதான். அந்தத் துணிக்கடை வாசலைத் தாண்டித்தான் பட்டன் கடைக்குப் போனேன். அவர் நம்பவில்லை. பட்டனைக் காட்டினேன்.

ஆனால் நீ கஞ்சத்தனமாக எழுதுகிறாய். ‘இதற்கு மேல் ஒன்றும் இல்லை’ என்றால் என்ன அர்த்தம்? டாக்டர் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது? அழுதாளா? வெளியே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? எண்ணை வாய்விட்டுச் சொன்னாளா? அதை மட்டுமாவது எழுது. சொல்லியிருக்காவிட்டால் அடுத்த தடவை வரும்போது சொல்ல வை.

உன் சட்டை கிடைத்தது. செய்து தருகிறேன்.
தங்கச்சி


மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம். வேலை கழுத்துவரை. நீ வெளியே போய் வருகிறாய் என்று படித்ததும் உன் அத்தானிடம் காட்டினேன், அவருக்கும் சந்தோஷம். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைத்துக்கொள்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். அவள் மறுபடி வந்தாள். இன்னும் மூன்று கிலோ கூடினால்தான் கோட்டைத் தொடுவாள் என்று தெரிந்துகொண்டு, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். பிடிக்காததையும் மென்று விழுங்குகிறாளாம். மெஷினில் ஏறி நின்றாள். எண்பதரை. நான் சொல்லச் சொன்னேன், சொன்னாள். “எண்பதரை.” வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெரிய கொண்டைக்குள் இருப்பது முக்கால்வாசி சவுரிதான். சொந்த முடி ஒரு பிடிகூட இல்லை, மண்டை தெரிகிறது. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒன்று சொல்கிறேன், கேள். ஆபரேஷன் கிடைத்தவர்கள் எல்லோரும் ஜெயித்துவிடுவதில்லை. முதல் வருஷம் மளமளவென்று இறங்கும். இரண்டு மூன்று வருஷத்தில் நிறையப் பேருக்குக் கொஞ்சம் திரும்ப ஏறத்தான் செய்யும். இங்கே வந்து அழுகிறவர்களை நான் பார்க்கிறேன். அதனால் அவளுக்குக் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? நீ உன் வேலையைப் பார்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எண்பதரை. எண்பதரை. மெஷின் மிதிக்கும்போதெல்லாம் அதுதான் காலில் ஓடுகிறது. நான் எதையோ முணுமுணுத்துக்கொண்டே தைக்கிறேனாம், அவர் சொல்கிறார். பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஊரான் பிள்ளைகளைத் தராசில் ஏற்றினவள் இப்போது தராசுக்காகத் தின்கிறாள். பாவம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை உன் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள், எனக்கு அனுப்பாதே.

உனக்கு ஒரு செய்தி. மெஷினைப் பின்கட்டிலிருந்து முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். தெருவைப் பார்த்த கதவைத் திறந்து வைத்து, போர்டும் மாட்டியாயிற்று. கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டேன், வருகிறவர்கள் போட்டுப் பார்க்க வேண்டுமே. இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் என் தையலைச் சொல்வார்கள். காரணம் ஒன்றுதான். மற்ற தையல்காரர்கள் துணி மிச்சம் பிடிக்க ஒட்ட வெட்டுவார்கள். நான் எந்தச் சட்டையிலும் பக்கவாட்டில் உள்ளே ஓரங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன். பொம்பளை உடம்பு இன்றைக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது. ஏறினால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். சட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், யார் முன்னாலும் கூனிக் குறுக வேண்டாம். அதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, அந்தப் பேக்கிங் அறைதான் கற்றுத் தந்தது.

மாதாமாதம் அவள் எடையை எழுது. அடுத்த தடவை கதவைத் திறந்து வைத்துவிட்டு ஏற்று.

தங்கச்சி


ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

நலமா? இங்கே நலம். கடை போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாய், பார்த்தோம். உன் அத்தான் அதை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். உனக்குப் பின்னால் கண்ணாடியில் நீயும் தெரிகிறாய்.

இரண்டு கடிதமாக அவளைப் பற்றியே கேட்கிறாய். அவள் வரவில்லை. வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டாளோ என்னவோ. விட்டுவிடு. நீ எழுந்து நடக்கிறாய், நாலு பேர் உன்னைத் தேடி வருகிறார்கள். இனி அவள் எதற்கு?

அக்கா


மே 8

அக்காவுக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? எங்களுக்கெல்லாம் ஒன்றுமில்லை.

விடுவதா? நீ வரவில்லை என்கிறாய், எனக்கு இங்கே வேறு செய்தி வந்தது. அன்றைக்குச் சிரித்தாளே, என் டப்பாவில் சாப்பிடுகிறவள், அவள் பாவாடை தைக்க வந்தாள். கொண்டையம்மா பிப்ரவரியிலிருந்து மெடிக்கல் லீவாம். மகள் வீட்டில் இருக்கிறாளாம். யாரையும் பார்ப்பதில்லையாம். எதற்கு லீவு என்று இவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தின்பதற்கு. அந்த நாள் பூரா எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாவாடையை நல்லபடியாகவே தைத்துக் கொடுத்தேன்.

நான் ஒன்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் அங்கே வருகிறேன். உன் அறைக்கு வெளியே அந்த வரிசையில் உட்காருகிறேன். அவள் உள்ளே ஏறி எண்ணைச் சொல்லும்போது நான் வெளியிலிருந்து, “காது கேக்கல” என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தை போதும். அப்புறம் நீ சொல்கிறபடி விட்டுவிடுகிறேன். எந்த நாள் வருவாள் என்று விசாரித்து எழுது.

தங்கச்சி


மே 15

தங்கைக்கு,

எல்லோரையும் கேட்டதாகச் சொல். இங்கே வராதே. எங்கள் பிரிவைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள், ஒரே களேபரம், வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. அவளும் இனி வர மாட்டாள், பெயரை எடுத்துவிட்டார்கள். நான் லீவு கிடைத்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன். அதுவரை பொறு.

சட்டை தயாரானால் அனுப்பு, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


செப்டம்பர் 18

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டாயிற்று.

நீ வராதே என்றாய், வரவில்லை. ஆர்டர் குவிந்துவிட்டது, எழுதவும் நேரமில்லை. நீ எழுதாததற்கும் ஏதோ வேலை என்று நினைத்துக்கொண்டேன். லீவு கிடைக்கவில்லை போலும் என்று உனக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஓர் அம்மா இரண்டு பெரிய பை நிறையச் சட்டைகளோடு வந்தாள். கழுத்தோடு வெட்டிய முடி. குச்சிக் கை. என்ன வேண்டும் என்று கேட்டேன், வாயில் குண்டூசி இருந்ததால் சரியாக வரவில்லை. அவள், “காது கேக்கலம்மா, சத்தமா சொல்லு” என்றாள்.

குண்டூசியை விழுங்காமல் இருந்தது ஆச்சரியம்.

என்னை அவளுக்குத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறாள், எந்த முகத்தை ஞாபகம் வைப்பாள்? சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம், எல்லாவற்றையும் பிடித்துத் தைக்க வேண்டுமாம். முதல் தேதி வேலைக்குத் திரும்புகிறாளாம். “நான் இல்லாம எடை பாக்கிறதையே நிறுத்திட்டாங்களாம். பொண்ணுங்க ஊதிப்போய்க் கிடக்குதுங்க. இந்தத் தடவை முதல்ல நானே ஏறி நின்னு காட்டப்போறேன்” என்றாள்.

இந்தச் சந்தர்ப்பத்தை விடுவேனா? டேப்பை இடுப்பில் சுற்றி, மூன்று பேர் முன்னால், “எவ்வளவுன்னு நீங்களே பாத்துச் சத்தமா சொல்லுங்க” என்றேன். குனிந்து பார்த்தாள். “முப்பத்திரண்டு!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மறுபடியும் சொன்னாள், நான் கேட்காமலே. காத்திருந்த மூன்று பேரும் கை தட்டினார்கள் அக்கா. எட்டு வருஷமாக நான் கூர் தீட்டி வைத்திருந்ததை அவள் வாங்கிப் பூவாகத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் உன் கதை வந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே எல்லோருக்கும் சொன்னாள். “அங்க ஒரு நர்ஸம்மா. கொண்டைய அவிழ்க்கணும்னாங்க, நான் மாட்டேன்னுட்டேன். உள்ளே சவுரி, யாருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்த அம்மா எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாங்க. அவங்களே மெதுவா எடுத்து மடியில வச்சிக்கிட்டாங்க. அளந்து முடிச்சதும் திரும்பக் கட்டிவிட்டாங்க. எண்ணைக்கூட வாய்விட்டுச் சொல்லல, ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எனக்கு மட்டும் காட்டினாங்க. அதுக்கப்புறம் எனக்கு எதுக்கு சவுரி, தூக்கிப் போட்டுட்டு முடிய வெட்டிக்கிட்டேன்.”

பிப்ரவரி பத்தாம் தேதி ஆபரேஷனாம். எண்பதரை என்று நீ எனக்கு எழுதியபோது அவள் எழுபத்தைந்துக்கு இறங்கியிருப்பாள். சவுரியைப் பற்றி நீ எழுதினாயே, கொண்டையை அவிழ்க்காமல் உனக்கு எப்படித் தெரிந்தது? அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

நீ சரியாக அளந்ததைக்கூட விடுகிறேன். அது உன் வேலை. கதவைச் சாத்தினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு யார் கதவைச் சாத்தினார்கள்?

போகும்போது என்னை மேலும் கீழும் பார்த்தாள். பையிலிருந்து உங்கள் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து என் மெஷின் மேல் வைத்தாள். “நீயும் போம்மா. உனக்கெல்லாம் எண்ணு தாராளமா வரும்” என்றாள்.

துணியை அடுத்த செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சி


செப்டம்பர் 23

என் கண்ணே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. சாப்பிட்டாயா? கடை திறந்திருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

அவள் சொன்னது எல்லாம் உண்மை. கொண்டையை அவிழ்க்காமல் அளக்கத்தான் உள்ளே போனேன். வேண்டுமென்றே கொண்டை மேலேயே கோலை இறக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அந்த மெஷினில் நிற்கிற எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். நீயும் அப்படித்தானே நின்றிருப்பாய் என்று நினைத்தேன். அப்புறம் எனக்குக் கை வரவில்லை, அவிழ்க்கச் சொன்னேன். கதவைச் சாத்தியது அவளுக்காக இல்லை. எட்டு வருஷம் முன்னால் உனக்காகச் சாத்தியிருக்க வேண்டிய கதவு. நீ நம்ப மாட்டாய்.

பொய்யாக அளக்க வராத கை உனக்குப் பொய் எழுத மட்டும் தாராளமாக வந்தது. அந்த முதல் பொய்யோடு நிறுத்த நினைத்தேன். நீ பட்டன் வாங்கப் போனேன் என்று எழுதினாய். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவேன்? இன்னொரு எண்பதரை எழுதினால் நீ இன்னொரு தெரு நடப்பாய் என்றிருந்தது.

என்னைத் திட்டி எழுது, பரவாயில்லை. ஆனால் அந்தத் துணிகளை ஒன்றும் செய்துவிடாதே. கிழித்தாயா, எரித்தாயா? அவள் போலீஸ் வரைக்கும் போகிறவள். இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறாய், கடைப் பெயர் கெட்டுவிடும். உடனே பதில் போடு.

அக்கா


அக்டோபர் 4

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. பாப்பா கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். அவர் உன்னை விசாரித்தார்.

நீ பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. எதையும் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. என் கையால் ஒரு துணி கெடாது, அது உனக்குத் தெரியும். சொன்ன செவ்வாய்க்கிழமை சொன்ன நேரத்துக்கு எல்லாச் சட்டையும் தயார். கண்ணாடி முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒரு சுருக்கம் கிடையாது, ஓர் இழுப்பு கிடையாது. திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “என் வயசுக்கு இவ்வளவு கச்சிதமா எவளும் தச்சதில்லம்மா” என்றாள். இப்படியே இருங்க என்று வாழ்த்தி அனுப்பினேன். முதல் தேதி அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் பெண்கள் முன்னால் ஏறி நின்றாளாம். பாவாடைக்காரி வந்து சொன்னாள்.

நான் செய்தது இவ்வளவுதான். பக்கவாட்டில் பிடித்துத் தைத்தேன் இல்லையா, உள்ளே மிச்சத் துணி நிறைய நின்றது. வழக்கமாக அதை மடித்து உள்ளேயே விட்டுவிடுவேன். அவளுக்கு விடவில்லை. இரண்டு பக்கமும் தையலை ஒட்டி வெட்டிவிட்டேன். ஒவ்வொரு சட்டையிலும், ஒரு நூல்கூட மிச்சமில்லாமல். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகட்டும். கொஞ்சம் திரும்ப ஏறத்தான் செய்யும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அந்தக் கடிதமும் இழுப்பறையில் இருக்கிறது. ஒரு முதல் தேதி காலையில் அவசரமாக ஒரு சட்டையை எடுப்பாள். பட்டன் எட்டாது. அடுத்ததை எடுப்பாள். அதுவும் எட்டாது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு யாரோ ஒரு தையல்காரியிடம் ஓடுவாள். அவள் உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் விடுவதற்குத் துணி இல்லையே அம்மா என்பாள். அவளுக்குக் காது கேட்காது. சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

என்னால் காத்திருக்க முடியும். எட்டு வருஷம் பழக்கம்.

வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போட மனமில்லை. ஓர் உறைக்குள் அடைத்துத் தைத்து ஸ்டூலில் போட்டிருக்கிறேன். அதன் மேல் உட்கார்ந்துதான் இப்போது மெஷின் மிதிக்கிறேன். சுகமாக இருக்கிறது.

உன் சீருடைச் சட்டை ஜனவரியிலிருந்து என்னிடமே கிடந்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிரித்து, உள்ளே இருந்த துணியை முழுக்க விட்டுவிட்டேன். அக்காவாயிற்றே. போட்டுப் பார், சரியாக இருக்கும். இனிமேல் பிடித்தால் எனக்கு அனுப்பாதே. அதில் விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

தங்கச்சி